தலைக்கு மேல் தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்: அமெரிக்காவில் எதைச் சொல்லிப் புகார் கொடுப்பது?

அமெரிக்காவில் வீட்டுக் கூரையை உரசுகிற மாதிரி ஹெலிகாப்டர் போனால் பலரும் உடனே போனை எடுத்து "ரொம்பத் தாழப் பறந்தது" என்று புகார் சொல்லிவிடுகிறார்கள். அதை மட்டும் வைத்து விமானி மேல் நடவடிக்கை வராது. காரணம் விதியிலேயே இருக்கிறது.

எவ்வளவு உயரத்தில் பறக்கணும் என்று சொல்வது, அமெரிக்க விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதிகளில் 91.119-ஆவது பிரிவு. நெருக்கமான குடியிருப்புப் பகுதி என்றால், சுற்றி 2,000 அடிக்குள் இருப்பதிலேயே உயரமான கட்டடத்தைவிட 1,000 அடி மேலே. மற்ற இடங்களில் பொதுவாகத் தரையிலிருந்து 500 அடி. சரி, இது விமானங்களுக்கு. கீழே இருக்கிற ஆளுக்கும் பொருளுக்கும் ஆபத்து இல்லாமல் ஓட்டினால் ஹெலிகாப்டர் இந்த உயரங்களுக்குக் கீழேயும் போகலாம் என்று அதே பிரிவின் கடைசியில் விலக்கு இருக்கிறது. அதனால் 200 அடியில் போனது என்று நீங்கள் நிரூபித்தாலும், அந்த எண் மட்டும் குற்றமாகாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் இன்றைய விதி இதுதான்.

ஆகவே புகாரில் உயரத்தைவிட ஆபத்தைத்தான் முன்னால் வைக்க வேண்டும். விசிறிக் காற்றில் கொல்லைப்புறக் குடை பிய்த்துக்கொண்டு போய் வேலியில் மாட்டியது, ஏணியில் நின்றவர் தடுமாறினார், இப்படிக் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். எஞ்சின் நின்றுபோனால் யாருக்கும் ஆபத்தில்லாமல் இறக்கக்கூடிய உயரம் வேண்டும் என்பதில் ஹெலிகாப்டருக்கும் விலக்கு கிடையாது. கவனக்குறைவாக ஓட்டுவதற்கு 91.13 என்று தனிப் பிரிவும் உண்டு. வெறும் சத்தம் இவை எதிலும் வராது.

அப்புறம் ஆதாரம். 'என்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண், நிமிடம் வரைக்கும் நேரம், பக்கத்து மரமோ விளக்குக் கம்பமோ சேர்ந்து தெரியும் படம். விமானத் தடம் காட்டும் ஆப்களில் வரும் உயரத்தை அப்படியே எழுதிவிடாதீர்கள், அது பெரும்பாலும் கடல்மட்டக் கணக்கு. டென்வர் நகரமே 5,280 அடியில் இருக்கிறது, அங்கே ஆப் 6,000 என்று காட்டினால் தலைக்கு மேல் ஏறக்குறைய 700 அடிதான்.

புகார் போக வேண்டிய இடம் உங்கள் வட்டாரத்து எஃப்.ஏ.ஏ. அலுவலகம். அவர்கள் விசாரித்து எச்சரிக்கலாம், மறுபயிற்சிக்கு அனுப்பலாம், லைசென்சை நிறுத்தியும் வைக்கலாம். விமானி மேல்முறையீடு செய்தால் வழக்கு தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் நீதிபதியிடம் போகும். நிரூபிக்கும் பொறுப்பு எஃப்.ஏ.ஏ.வுடையது, நேரில் பார்த்தவரின் சாட்சி அங்கேதான் கை கொடுக்கும்.

வழித்தடமும் உயரமும் எழுத்தில் இருக்கும் இடங்களில் வேலை சுலபம், ஏனென்றால் அவற்றை ஹெலிகாப்டர் மீறவே கூடாது. ஹவாயில் சுற்றுலா ஹெலிகாப்டர்களுக்குப் பொதுவாக 1,500 அடி. நியூயார்க் லாங் ஐலண்டில் மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடியபிறகு, வடகரையை ஒட்டிக் கடல்மேல் போகும் வழித்தடத்தை 2012-ல் கட்டாயமாக்கினார்கள். ஹெலிகாப்டர் சங்கம் வழக்குப் போட்டும் 2013-ல் நீதிமன்றம் அந்த விதியை ஏற்றது, ஆனால் 2022-ல் அது காலாவதியாகிவிட்டது.

புகாரைத் தள்ளிப் போடாதீர்கள். சம்பவம் நடந்து 6 மாதத்துக்குள் விமானிக்கு நோட்டீஸ் போகாவிட்டால் வழக்கு பெரும்பாலும் நிற்காது, அந்த 6 மாதத்துக்குள்தான் எஃப்.ஏ.ஏ.வின் விசாரணையும் முடியணும்.