பொருள் வாரியாக அல்ல, உயர வாரியாக

அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருக்கும் ஒரு வாசகர், தம் பல்கலைக்கழக நூலகத்திலிருந்த பழைய ஆய்விதழ்களை ஊருக்கு வெளியே ஒரு கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டதாகவும், அங்கே நூல்கள் பாட வரிசைப்படி வைக்கப்படாமல் உயரத்தைப் பார்த்து அடுக்கப்படுவதாகவும் எழுதி, இப்படிக் கலைத்துப் போட்டால் ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி என்று கேட்டிருந்தார். தேடி எடுப்பதற்காகவே அப்படி அடுக்குகிறார்கள் என்பதுதான் விடை.

இம்முறைக்கு முன்மாதிரி, ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1986-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சவுத்பரோவில் திறந்த கிடங்கு. கொலம்பியா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் நியூயார்க் பொது நூலகமும் நியூஜெர்சியில் கூட்டாக நடத்தும் கிடங்கும் அதே வழியில் வந்ததுதான். 2019-இல் ஹார்வர்டும் அதில் சேர்ந்துகொண்டது. கட்டுரைகள் கணினித் திரையில் கிடைக்கத் தொடங்கியபின் அச்சுத் தொகுதிகளைப் புரட்டுவோர் குறைந்துவிட்டதால், இடநெருக்கடி வரும்போது முதலில் வெளியேறுபவை பெரும்பாலும் ஆய்விதழ்களே.

வழக்கமான நூலக அடுக்கை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். ஒரே பாடத்தைச் சேர்ந்த குட்டையான நூலும் நெட்டையான நூலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், நெட்டையானதற்கு ஏற்றபடியே அடுக்கின் உயரம் அமையவேண்டியிருக்கிறது. 33 செ.மீ. இடைவெளியுள்ள அடுக்கில் 23 செ.மீ. உயரத் தொகுதிகளை நிறுத்தினால், அங்கே பத்தில் மூன்று பங்கு வெறும் காற்று. இதழ்களுக்கு இன்னொரு செலவும் உண்டு: ஆண்டுதோறும் புதிய தொகுதி வரும் என்பதால் ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் வெற்றிடம் விட்டுவைக்க வேண்டும். நூலகம் வளரும் உயிரி என்று சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் சொன்ன விதியின் விலையை அந்த வெற்றிடங்களில் பார்க்கலாம்.

கிடங்கில் இந்த இரண்டு விரயமும் ஒரே அடியில் நீங்குகின்றன. முதலில் தொகுதிகளை அளவு வாரியாகப் பிரித்து, அந்தந்த அளவுக்கென்றே செய்த அமிலமற்ற அட்டைத் தட்டுகளில் நிறுத்துகிறார்கள். பிறகு தொகுதியின் பார்கோடைத் தட்டின் பார்கோடோடும், தட்டின் பார்கோடை ஏறத்தாழ 30 அடி உயர அடுக்கில் அது இருக்கும் இடத்தோடும் கணினியில் பிணைக்கிறார்கள். வேதியியல் இதழும் வங்காள இலக்கிய இதழும் ஒரே தட்டில் தோளுரசி நின்றாலும் குழப்பமில்லை, ஏனெனில் ‘இது எதைப் பற்றியது’ என்ற கேள்விக்கு நூலகப் பட்டியலும் ‘இது எங்கே இருக்கிறது’ என்ற கேள்விக்குக் கணினிப் பதிவும் தனித்தனியே விடை சொல்கின்றன. காலங்காலமாக நூலின் முதுகில் ஒட்டிய வகைப்பாட்டு எண் ஒன்றே சுமந்துவந்த இரண்டு வேலைகளை இவ்வளவு எளிதாகப் பிரித்துவிட்டதே, அந்த அழகில்தான் நான் சொக்கிப்போகிறேன்.

ஆனால் இங்கே ஒரு தொகுதி தவறான தட்டில் போய்விட்டால், கண்ணால் துழாவிக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால் ஒருவர் நிரப்பிய தட்டை வேறொருவர் மீண்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே அது மேலே ஏறுகிறது. இதைவிடக் கடினமானது வண்டி ஏற்றுவதற்கு முந்தைய வேலை. பழைய பட்டியல்களில் ‘தொகுதி 1 முதல் 48 வரை’ என்று ஒரே வரிதான் பல இடங்களில் இருக்கும். தொகுதி ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு எழுதவேண்டும். இரண்டு ஆண்டு இதழ்கள் ஒரே பைண்டுக்குள் கிடந்தாலோ, இடையில் தலைப்பே மாறியிருந்தாலோ அதையும் குறிக்கவேண்டும். பட்டியலாளரின் இந்தப் பொறுமைக்குப் பணம் ஒதுக்க மனமில்லாத நிர்வாகங்கள், மின்னிதழ்ச் சந்தாவுக்கு மட்டும் அள்ளிக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

குளிர்ச்சி இன்னொரு லாபம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் படிகாரம் கலந்து செய்யப்பட்ட தாளில் அமிலம் தங்கி, தாளின் நாரான செல்லுலோஸின் மூலக்கூறுச் சங்கிலிகளை நீரின் துணையோடு துண்டிக்கிறது. தாள் பழுத்து ஒடிவது அதனால்தான். ஏறத்தாழ 5 டிகிரி வெப்பம் குறைந்தால் தாளின் ஆயுள் இருமடங்காகும் என்பது பாதுகாப்பாளர்களின் நடைமுறைக் கணக்கு. சவுத்பரோ கிடங்கு 10 டிகிரி செல்சியஸ், 35 சதவீத ஈரப்பதம் என்ற அளவில் திட்டமிடப்பட்டது. மனிதர்கள் உட்கார்ந்து படிக்கும் கூடத்தில் இது இயலாது.

செலவையும் சொல்லவேண்டும். ஒரு நூலைத் திறந்த அடுக்கில் வைத்திருக்க ஆண்டுக்கு 4.26 டாலரும், இத்தகைய கிடங்கில் 0.86 டாலரும் ஆகும் என்று ஆய்வாளர்கள் பால் கூரன்ட், மேத்யூ நீல்சன் இருவரும் 2010-இல் கணக்கிட்டார்கள். அடுக்குகளிடையே நடக்கும்போது தேடாத தொகுதி ஒன்று கண்ணில் படும் வாய்ப்பு கிடங்கு முறையில் போய்விடுகிறது. அது உண்மையான இழப்பு. என்றாலும் குப்பைக்கு அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். மின்வடிவுக்காகக் கறுப்பு வெள்ளையில் வருடப்பட்ட (ஸ்கேன் செய்யப்பட்ட) வண்ணப் படங்களையும், வருடும்போது விட்டுப்போன அட்டைகளையும் விளம்பரங்களையும் பார்க்க அச்சுப் படிதான் வேண்டும்.

வாசகர் கேட்டது ஒரு கட்டுரை மட்டும் என்றால், ஊழியர் பாதுகாப்புப் பட்டையோடு தூக்கு வண்டியில் ஏறித் தொகுதியை இறக்கி, அந்தப் பக்கங்களை வருடி மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார். தொகுதியே வேண்டுமென்றால் அது வண்டியேறி வளாகத்துக்குப் போகும். தட்டில் அது நின்ற சில அங்குல இடம், அது திரும்பி வரும்வரை வெறுமையாகவே இருக்கும்.