கிணற்றுக் கல்லில் பொன் தேடுபவர்களுக்கு

நிலவியல் படித்தவன் என்று ஊரில் தெரிந்துவிட்டால் வீட்டுக்குக் கற்கள் வரத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கம் கிணறு ஆழப்படுத்தும்போது அகப்பட்ட மின்னும் துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "தம்பி, இது பொன்தானே?" என்பார்கள்.

அநேகமாக அது கல்சைட் பளிங்கு, சுண்ணாம்புக்கல்லின் கனிமம். சற்றே பொடித்து தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்கும். மஞ்சளாக மின்னினால் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும். மெருகில்லாத பீங்கானில் உரசினால் கருமையான கோடு விழும். பொன்னின் கோடோ மஞ்சளாகவே இருக்கும். சுத்தியலால் தட்டினால் பொன் நெளியும், பைரைட் நொறுங்கும்.

சாதாரணப் பாறையில் தொன்னுக்குச் சில மில்லிகிராம் பொன்தான் உண்டு. தோண்டக் கட்டுபடியாக வேண்டுமானால் அது பல நூறு மடங்கு செறிய வேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ஆழத்துச் சுடுநீர். 200 பாகை செல்சியசையும் தாண்டிய நீர், கந்தகத்தின் துணையோடு பொன்னைக் கரைத்து வெடிப்புகள் வழியே மேலேறும். அழுத்தம் சட்டென்று குறைந்து நீர் கொதித்தாலோ, கந்தகம் பாறையிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைட்டாகிவிட்டாலோ பொன் கரைசலில் நிற்காது, படிந்துவிடும். ஆக, பைரைட் சில நாடுகளில் பொன்னுக்கு உண்மையிலேயே கூட்டாளிதான். இங்கே அல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல், கோடி ஆண்டுக் கணக்கில் பழைய மயோசீன் காலத்து ஆழமற்ற கடலில் படிந்தது. அதன் பிறகு மலையாக மடியவுமில்லை, எரிமலைக் குழம்பு அதைத் தீண்டவுமில்லை.

வெப்பமின்றியும் தாது சேரும். இலங்கையின் கிழக்கே புல்மோட்டைக் கரையில் அலைகள் இலேசான மணலை அள்ளிப்போக, பாரமான டைட்டானியத் தாதுக்களான இல்மனைட்டும் ரூட்டைலும் தங்கிவிட்டன. ஆனால் அவற்றைத் தந்தவை உள்நாட்டின் பழம்பாறைகள், எங்கள் சுண்ணாம்புக்கல் அல்ல.

ஆகவே, வளவுக்குள் பொன் காட்டும் கருவியோடு வந்து முற்பணம் கேட்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். இலங்கையின் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டப்படி, உங்கள் காணியின் அடியில் கிடந்தாலும் கனிப்பொருள் அரசுக்கே உரியது.

என் கவலை உண்மையில் வேறு. காங்கேசன்துறைச் சீமெந்துக்கு உதவிய இதே கல்தான் எங்கள் குடிநீரையும் தாங்குகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும். கல்லை அகழ்ந்து, குழியில் ஊறும் நீரையும் இறைத்தால் அந்தக் கணக்கு குலையும். காணியைக் கல் உடைக்கக் கொடுக்குமுன், மாரிக்கு முந்தைய புரட்டாசியில் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து பாருங்கள்.