கைனேஸ்: இயக்கியா, ஏற்றியா?

தங்கை மகள் காரைக்குடியில் உயிர்வேதியியல் படிக்கிறாள். போன மாதம் கானாடுகாத்தானுக்கு வந்தவள், முகப்பில் உட்கார்ந்து குறிப்பேட்டைச் சத்தமாகப் படித்தாள்: "புரத இயக்கிக் குடும்பங்கள்." ஏதோ மோட்டார் பாடம் என்று நினைத்தேன். விசாரித்தால் புரோட்டீன் கைனேஸாம், ஒரு வகை நொதி, அதாவது என்சைம். இந்த 'இயக்கி'யை ஏற்கெனவே ஒரு மருந்துக் கட்டுரையிலும் பார்த்துப் பல்லைக் கடித்திருந்தேன்.

கைனேஸ் என்ற சொல்லின் பிறப்பு சுருக்கமானது. கிரேக்கத்தில் கினெய்ன் என்றால் அசைத்தல். 1899இல் ரஷ்ய உடலியங்கியலாளர் பாவ்லோவின் ஆய்வகத்தில், கணைய நொதியைக் குடலில் முடுக்கிவிடும் பொருளுக்கு என்டெரோகைனேஸ் என்று பெயர் வந்தது. அது புரதத்தை வெட்டும் நொதி, பாஸ்பேட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இன்று கைனேஸ் என்பது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு மூலக்கூறில் ஏற்றிவைப்பது. ஏற்றுவது புரதத்தில் என்றால் புரோட்டீன் கைனேஸ். கிரேக்க வேரை அப்படியே 'இயக்கி' என்று பெயர்த்தவர் நூறாண்டுக்கு முந்தைய பொருளைப் பெயர்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, பழைய பொருளாகவே இருக்கட்டும், கைனேஸ் எல்லாம் இயக்குகிறதா? மரபியலாளர் பால் நர்ஸ் எடின்பரோவில் ஈஸ்ட் வளர்த்தபோது, வழக்கத்தைவிடச் சிறியதாக இருக்கும்போதே இரண்டாகப் பிரிந்துவிடும் செல்கள் கிடைத்தன. ஸ்காட்லாந்துப் பேச்சில் வீ என்றால் சின்னது. அதனால் அவற்றில் பழுதுபட்டிருந்த மரபணுவுக்கு வீ1 என்று பெயர். அது இல்லையென்றால் செல் அவசரப்படுகிறது. அப்படியானால் இருக்கும்போது அது பிரேக். மரபியல் சொன்னது இவ்வளவு. பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று உயிர்வேதியியல் காட்டியது: வீ1 ஒரு கைனேஸ். செல் பிரிவை நடத்தும் சிடிசி2 என்ற இன்னொரு கைனேஸின் 15ஆம் இடத்தில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றி அதை முடக்குகிறது. 'ஓர் இயக்கி இன்னோர் இயக்கியை இயக்கவிடாமல் தடுக்கிறது' என்று பரீட்சையில் எழுதிப் பாருங்கள், தலை சுற்றும். வீ1ஐத் தடுக்கும் மருந்துக்கு 'இயக்கித் தடுப்பான்' என்று பெயர் வைத்தால் இன்னும் மோசம், அதைக் கொடுத்தால் செல் நிற்காது, ஓடும்.

போதாததற்கு, செல்லுக்குள் சுமை இழுத்துக்கொண்டு நிஜமாகவே நகரும் கைனெசின் என்ற புரதம் தனியாக இருக்கிறது. அதுவும் அதே கிரேக்க வேர்தான். இயக்கியை இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு என்ன மிஞ்சும்? கணினிக்காரர்கள் டிரைவருக்கு வேறு இதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். தெற்கே போனால் இயக்கி இசக்கியம்மன்.

என் சொல் ஏற்றி. பாஸ்பேட்டேற்றி. கழற்றிவிடும் பாஸ்பட்டேஸுக்கு இறக்கி. ஏற்றியதால் இயங்கியதா நின்றதா என்பது ஏற்றப்பட்ட புரதத்தின் பாடு. லாரியில் மூட்டை ஏற்றுகிறவர் வண்டி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'ஏற்றி' வினையெச்சமாகவும் படும் என்ற குறை உண்டு, முன்னால் பாஸ்பேட் ஒட்டியிருந்தால் குழப்பம் வராது. எங்கள் பக்கத்துக் 'கைமாற்று' ஒலியிலும் கைனேஸுக்குப் பக்கத்தில் வருகிறதே என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கைமாற்று கொடுத்தவருக்கே திரும்ப வேண்டும். இறக்கி கழற்றும் பாஸ்பேட் நேரே ஏடிபிக்குத் திரும்புவதில்லை.

'குடும்பம்' மேல் எனக்குச் சண்டையில்லை. 2002இல் எண்ணியபோது மனிதருக்கு 518 கைனேஸ் மரபணுக்கள். பெரும்பாலானவை ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை. ஒரே கோயில் பங்காளிகள் என்றால் செட்டிநாட்டில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் வேரைத் தேடும் நேரத்தில் பாதியை, அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதில் செலவிட்டிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "மார்க் போடுறவருக்கு இயக்கிதானே அம்மான் தெரியும்?"

குறிப்பேட்டில் இயக்கியை அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் 'ஏற்றி' என்று எழுதிக்கொண்டாள்.