எலியில் வென்ற மருந்துக்காகப் பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள்

முழங்காலுக்கு மேலே கட்டியோடு இன்னொரு பிள்ளை என் கிளினிக்குக்குப் பிந்தி வந்திருக்கிறான். கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதித்த பயொப்சியில் எலும்புப் புற்றுநோய் என்று முடிவு கையில் கிடைத்த பிறகும் கீமோ தொடங்காமல் வீட்டில் வைத்திருந்திருக்கிறார்கள், ஏனென்றால் கனடாவில் இருக்கிற மாமா வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியில் கொழுப்பு நானோ துகள் எலும்புப் புற்றுநோயை அடியோடு அழிக்கிறது என்று இருந்ததாம். தாய் ஃபோனை நீட்டினார், கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். எலியில் செய்த ஆராய்ச்சி அது.

முதலில் ஒன்று, அந்தத் துகள் மருந்தே இல்லை, மருந்தைச் சுமக்கிற உறை. ஃபைசர், மொடர்னா கோவிட் தடுப்பூசிகளில் இருந்ததும் அதுதான். இரத்தத்தில் ஏற்றினால் பெரும்பகுதி ஈரலுக்குத்தான் போய்ச் சேரும். இதே துகளில் அடைத்து, 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பட்டிசிரானும் ஈரலில் வேலை செய்கிற மருந்துதான். எலும்பில் கொண்டுபோய் இறக்குவதற்காக, எலும்பில் ஒட்டும் பிஸ்பொஸ்போனேட் என்ற மருந்து வகையைத் துகளோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். நல்ல முயற்சி, எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் இந்தப் பிள்ளைக்கு வந்திருக்கிற ஒஸ்டியோசார்க்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்க்கு அப்படி அனுமதி பெற்ற மருந்து இன்றைக்குக் கனடாவிலும் இல்லை. லிப்போசோம் என்ற இன்னொரு வகைக் கொழுப்பு உறையில் அடைத்த மிஃபமுர்டைட் என்ற மருந்துக்கு 2009இல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது உண்மை. அதுவும் நோய் பரவாதவர்களுக்கு, கட்டியை முழுதாக எடுத்த பிறகு, கீமோவோடு சேர்த்து. கீமோவுக்குப் பதிலாக இல்லை!

காலைக் காப்பாற்றத்தான் காத்திருந்தோம் என்கிறார்கள். நேரத்தோடு வந்தால் பலருக்குக் காலை எடுக்காமல், நோயுள்ள எலும்பை மட்டும் எடுத்து உலோக மூட்டு வைக்கலாம். கட்டி நரம்பையும் இரத்தக் குழாயையும் சூழ்ந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும். நுரையீரலுக்கும் பரவிவிட்டால் காலைப் பற்றிய பேச்சே பின்னுக்குப் போய்விடும்.

வளர்கிற பிள்ளைக்கு முழங்கால் பக்கம் இரவில் நித்திரையைக் குழப்புகிற நோவு, வீக்கம் இருந்தால் எக்ஸ்ரே எடுங்கள். பந்தடிக்கும்போது பட்ட அடி என்று எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், புக்கை கட்ட வேண்டாம். (சக வைத்தியர்களே, சந்தேகமான கட்டியில் நீங்களாக ஊசி குத்தாமல் அனுப்புங்கள், பயொப்சி எடுக்கும் இடத்தைச் சத்திரசிகிச்சை செய்யப்போகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.)

மாமா இனியும் செய்தி அனுப்புவார், அவருக்கும் பிள்ளை மேல் பாசம்தானே. அதைக் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், இருந்து வாசித்துச் சொல்கிறேன். கீமோவுக்குத் தந்த திகதியை மட்டும் தள்ளாதீர்கள், நல்லூர்த் திருவிழா முடியட்டும் என்றுகூட.