சரியான பதில் தெரியும், ஆனா அந்த பத்து செகண்ட்ல?

ஸ்கூல் கவுன்சிலர் வேலையில 16, 17 வயசு பசங்ககிட்ட பேசிப் பேசி எனக்குப் புரிஞ்சது, எது சரி எது தப்புன்னு அவங்களுக்குத் தெரியாம இல்ல. ஒருத்தரோட போட்டோவ கேக்காம குரூப்ல போடலாமான்னு கேட்டா கிளாஸ் மொத்தமும் தப்புன்னுதான் சொல்லும், அதே கிளாஸ்ல அதே வாரம் யாரோட ஸ்கிரீன்ஷாட்டாவது சுத்திக்கிட்டு இருக்கும். அதனால நீதிபோதனை பீரியட் இன்னும் ரெண்டு போட்டா சரியாயிடும்னு யாராச்சும் சொன்னா எனக்கு நம்பிக்கை வரமாட்டேங்குது.

1920கள்லயே ஹார்ட்ஷார்ன், மே-ன்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைங்களுக்கு ஏமாத்துற வாய்ப்ப விதவிதமா குடுத்துப் பாத்தாங்க, ஒரு இடத்துல நேர்மையா இருந்த புள்ள இன்னொரு இடத்துல ஏமாத்துச்சு, நல்ல புள்ள கெட்ட புள்ளன்னு கோடு போட்டுப் பிரிக்கவே முடியல. 1973ல டார்லி, பேட்சன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் பண்ணது இன்னும் சுவாரஸ்யம். பாதிரியாராகப் படிக்கிற மாணவங்கள ஒரு பேச்சு குடுக்க பக்கத்து பில்டிங்குக்கு அனுப்புறாங்க, வழியில ஒருத்தர் முடியாம சுருண்டு கிடக்கிறாரு. அவசரம் இல்லாம போனவங்கள்ல 63 சதவீதம் பேர் உதவினாங்க, லேட்டாச்சு ஓடுன்னு விரட்டி விட்டவங்கள்ல 10 சதவீதம்தான். இத்தனைக்கும் அதுல கொஞ்சம் பேர் பேசப் போனதே வழியில அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவின, பைபிள்ல வர்ற சமாரியன் கதையப் பத்தி!

டீனேஜ்ல அவசரத்தோட இன்னொண்ணும் சேருது, கூட இருக்கிற ஃப்ரெண்ட்ஸ். 2005ல கார்ட்னர், ஸ்டெயின்பெர்க்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர்ல ஒரு கார் கேம் ஆட விட்டுப் பாத்தாங்க, 13 முதல் 16 வயசுப் பசங்க தனியா ஆடறப்போ எடுத்த ரிஸ்க்க விட ஃப்ரெண்ட்ஸ் கூட இருக்கறப்போ ரொம்ப அதிகமா எடுத்தாங்க, 24 வயசு தாண்டினவங்ககிட்ட அந்த வித்தியாசம் பெருசா இல்ல.

அவசரமும் ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து நெருக்குற அந்தப் பத்து செகண்ட்ல சரி எதுன்னு தெரிஞ்சா மட்டும் போதாது, அதனால நான் பசங்ககிட்ட அறிவுரை சொல்றதக் குறைச்சுட்டு ஒத்திகை பாக்க வைக்கிறேன். இந்த மாதிரி ஒண்ணு நடந்தா நான் இதத்தான் சொல்வேன்னு ஒரே ஒரு வரி, அவங்க பேசுற பாஷையில, வாய் விட்டு சொல்லிப் பாக்கணும். "டேய் இது என் போன்லயே நிக்கட்டும், நான் ஃபார்வேர்ட் பண்ணல" அவ்ளோதான், விளக்கமெல்லாம் வேணாம், விளக்கம் குடுக்க ஆரம்பிச்சா எதிர்ல இருக்கிறவன் வாதம் பண்ண ஆரம்பிச்சுடுவான். முதல்ல சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

நிஜமாவே கஷ்டமான விஷயம் என்னன்னா ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கறதுதான். யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டு ஒரு ஃப்ரெண்ட், தன்னைத்தானே காயப்படுத்திக்கறேன்னு சொல்றா. சொன்னா துரோகம், சொல்லலன்னா பயம், பாவம் கேட்ட புள்ளைக்கு தூக்கமே போயிடும். மத்த விஷயத்துல நீங்களே யோசிச்சு முடிவு எடுங்கன்னு விட்டுடுவேன், இதுல மட்டும் விடமாட்டேன், உயிருக்கு ஆபத்துன்னா சத்தியம் செல்லாது, அன்னைக்கே நம்பிக்கையான ஒரு பெரியவங்ககிட்ட சொல்லியே ஆகணும். அதுக்கும் வார்த்தை ரெடியா இருக்கணும்: "நான் உன்கூட வரேன், சேர்ந்து சொல்லலாம், நீ வரலன்னாலும் நான் சொல்லுவேன், கோவப்பட்டாலும் பரவால்ல." நாலு பேர் முன்னாடி ஒரு தடவ சொல்லிப் பாத்தவங்களுக்கு நிஜத்துல கொஞ்சமாச்சும் வாய் வரும்.

தப்பு பண்ணிட்டு வர்ற பசங்க பெரும்பாலும் "எல்லாரும்தான் பண்ணாங்க"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. பெரியவங்களும் இதையே சொல்லித்தான் மனசாட்சிய தூங்க வைக்கிறோம், அத விடுங்க. அந்த நேரத்துல நீ பொய்யன், நீ திருடன்னு முத்திரை குத்தாம, இதுல யாருக்கு என்ன நஷ்டம், அத சரி பண்ண நாளைக்கு காலையில என்ன செய்யப் போறன்னு கேளுங்க. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினவன் முதல்ல அத டெலீட் பண்ணச் சொல்லி குரூப்ல எழுதணும், அப்புறம் அது யாரோட ஸ்கிரீன்ஷாட்டோ அந்தப் பொண்ணுகிட்ட நேர்ல மன்னிப்பு கேக்கணும், அவ மன்னிக்காம போனாலும் சரி.

பேரண்ட்ஸுக்கு ஒண்ணு. புள்ள தானா வந்து உண்மைய சொல்றப்போ முதல் வேலையா போனப் பிடுங்காதீங்க. தண்டனை வேணாம்னு சொல்லல, அத நாளைக்குப் பேசிக்கலாம், முதல்ல முழுசா கேளுங்க, இல்லன்னா அடுத்த தடவ உங்களுக்கு விஷயமே வராது.