கைப்பிள்ளைக்கு வயித்தால போனா அலசுறதுக்கு முன்னாடி துணியப் பாருங்க

பிள்ளைக்கு வயித்தால போகுதுன்னு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது, துணியக் கொண்டு வந்தீங்களா. அலசிப் போட்டுட்டோமே சார்ம்பாங்க. டயப்பர்னா போன்ல ஒரு போட்டோவாவது எடுத்து வைங்க, ஆன்டிபயாடிக் வேணுமா வேண்டாமாங்கிறதுல பாதி அதுலயே தெரிஞ்சிரும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பச்சப்பிள்ளை குடிக்கக் குடிக்க மஞ்சளா போகும், பிள்ளை தெளிவா இருந்தா அது பேதியே இல்ல. தண்ணியா பீச்சியடிச்சா பெரும்பாலும் வைரஸ், முக்கியமா ரோட்டா, அதுக்குத்தான் 6, 10, 14 வாரத்துல சொட்டு மருந்து ஊத்துறாங்க. ஈ.கோலை பாக்டீரியாவுல ஒரு வகையும் இப்படித்தான் தண்ணியா போகவைக்கும், அதுக்கும் சாதாரணமா ஆன்டிபயாடிக் தேவைப்படாது.

களக்காடு பக்கமிருந்து வந்த ஒரு ஆச்சி மடிச்ச துணியப் பிரிச்சுக் காமிச்சாங்க. "மாந்தம்யா, தொக்கம் எடுத்தாச்சு, உரமருந்தும் கொடுத்தாச்சு, கேக்கல." (மாந்தம்னா செரிக்காமப் போறது, தொக்கம்னா உள்ள சிக்குனத எடுக்கிறதா சொல்ற நாட்டு வைத்தியம், உரமருந்துன்னா கல்லுல உரசி நாக்குல தடவுற மருந்து.) உள்ள மலமே கொஞ்சந்தான், மூக்குச்சளி மாதிரி சீதம், அதுல நூல் நூலா ரத்தம், பிள்ளைக்குக் காய்ச்சல் வேற. இதுல நாங்க முதல்ல சந்தேகப்படுறது ஷிகெல்லாங்கிற பாக்டீரியா, இதுக்கு ஆன்டிபயாடிக் வேணும். ஆனா மெடிக்கல்ல சீதபேதின்னு சொன்னதும் அமீபாவுக்கு உள்ள மெட்ரோனிடசோல் சிரப்பைத் தூக்கிக் கொடுத்திருந்தாங்க. கைப்பிள்ளைக்கு அமீபா வர்றது அபூர்வம், அந்த சிரப் ஷிகெல்லாவ ஒண்ணும் பண்ணாது. இன்னொண்ணு, விட்டு விட்டு வீறிட்டு அழுது வாந்தியும் எடுத்து சிவப்பு ஜெல்லி மாதிரி போச்சுன்னா குடலுக்குள்ள குடல் சொருகியிருக்கலாம், அது ஆபரேஷன் வரைக்கும் போற விஷயம், உடனே ஓடணும்.

ஷிகெல்லாவுக்கு பத்துலருந்து நூறு கிருமி உள்ள போனாலே போதும், நகத்துக்குள்ள இருக்கிறதே தாராளம். உரமருந்து மேல எனக்குச் சண்டை இல்ல, ஆனா அந்தக் கல்லு எங்க கிடந்துச்சு, எந்தத் தண்ணி விட்டு உரசுனீங்க, யாரு விரல நாக்குல தடவுனீங்க, அதான் கேள்வி. பால் பாட்டில் இன்னும் மோசம், ரப்பர் ஓட்டைக்குள்ள பிரஷ்ஷே போகாது, சங்குன்னா கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்துரலாம். தவழுற பிள்ளை இருக்கிற வீட்டுல முற்றத்துல கோழி மேஞ்சா கேம்பைலோபேக்டர்னு ஒரு கிருமி அந்த எச்சத்துல இருந்தும் வரும். மூணு மாசத்துக்குள்ள உள்ள பிள்ளைக்கு சால்மோனெல்லாங்கிற கிருமி வந்தா ரத்தத்துல கலந்துரலாம், அதனால அந்த வயசுல நாங்க எதையும் லேசா விடுறதில்ல.

பேதிய நிறுத்துற மாத்திரைய தயவுசெஞ்சு கொடுக்காதீங்க, குடல் அசைவே நின்னு வயிறு ஊதிரும். ஓஆர்எஸ், அதான் உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி, அதோட பெரிய பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டர்ல கலக்கணும், டம்ளர்ல கொஞ்சமா கொட்டிக் கலக்குனா உப்பு கூடிப்போய் அதுவே ஆபத்து. ஒவ்வொரு தடவ போனதுக்கு அப்புறமும் 50 மில்லியிலருந்து 100 வரைக்கும் கரண்டி கரண்டியா கொடுங்க, ரெண்டு மாசத்துக்குக் கீழன்னா டாக்டர் சொல்ற அளவு. தாய்ப்பால நிறுத்தவே கூடாது. ஜிங்க் மருந்து 14 நாள், ரெண்டு மாசத்துலருந்து ஆறு மாசம் வரைக்கும் தினம் 10 மில்லிகிராம், அதுக்கு மேல 20, பேதி நின்னாலும் முடிக்கணும்.

கண்ணு குழி விழுந்து, உச்சிக்குழி அமுங்கி, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கே போகாம துவண்டு கிடந்தா விடியட்டும்னு இருக்காதீங்க, திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியோ பக்கத்து ஆஸ்பத்திரியோ கிளம்பிருங்க, முழிச்சிருந்து விழுங்க முடிஞ்சா ஆட்டோவுலயே ஓஆர்எஸ் கரண்டியால கொடுத்துட்டே வாங்க.