குதிரையின் குளம்பை இன்சுலின் எப்படிக் கழற்றுகிறது?

பாசிக்குடாவில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுவதற்கு மட்டக்குதிரை ஒன்று வளர்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "கொழுகொழுவென்று இருந்த குதிரை, ஒரு கிழமையாக முன்னங்கால் இரண்டையும் முன்னுக்கு நீட்டி, பாரத்தைப் பின்னங்காலில் போட்டுச் சாய்ந்து நிற்கிறது. நடக்க மறுக்கிறது. காயமுமில்லை, முள்ளுமில்லை. கண்பட்டுப்போச்சு என்று பார்வை பார்த்தோம், குறையவில்லை. என்ன காரணம்?"

தீன் விபரமும் எழுதியிருக்கிறார். காலையில் தவிடு, பின்னேரம் மிஞ்சின பாண், ஹிங்குராணைப் பக்கமிருந்து வரும் கரும்பு. போதாக்குறைக்குச் சவாரி வந்த பிள்ளைகள் ஊட்டும் பிஸ்கட். பிடரி மயிருக்குக் கீழே கழுத்து தடித்து, தொட்டால் இறுகியிருக்கிறதாம்.

மிருக வைத்தியர் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். ஆனால் அந்த நிலையும் அந்தக் கழுத்தும் அந்தத் தீனும் ஒன்றாகச் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது குளம்பு அழற்சி. அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இன்சுலின். உடம்பில் கொழுப்புச் சேர்வது, இன்சுலின் ஒழுங்கு குலைவது, குளம்பு நோகுவது ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதைக் குதிரைகளின் அனுசேபக் கோளாறுத் தொகுதி என்று 2002இலிருந்து சொல்கிறார்கள். மட்டக்குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் இந்த ஆபத்து அதிகம். கொஞ்சத் தீனில் உடம்பு வைக்கும் இனங்கள் அவை.

இன்சுலின் என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சீனி வருத்தத்துக்குக் கிளினிக் கொப்பி இல்லாத வீடு எங்களிடம் குறைவு. குதிரையின் கதை வேறுபடும் இடத்தை மட்டும் சொல்கிறேன். அந்த வருத்தமுள்ள மனிதரில் இன்சுலினைச் சுரக்கும் சதையி காலப்போக்கில் களைத்துப்போகிறது, இரத்தத்தில் சீனி ஏறுகிறது. குதிரையின் சதையி அப்படி இலேசில் களைப்பதில்லை. உடம்பு இன்சுலினுக்கு மசியாவிட்டால் இன்னும் இன்னும் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் சீனியைச் சோதித்தால் பெரும்பாலும் சரியாகவே காட்டும். இன்சுலினை அளந்தால்தான் கோளாறு தெரியும்.

படுவான்கரையில் மாடு வளர்த்துப் பழகியவர்களுக்குத் தவிடு நல்ல தீன். மாட்டுக்கு அது சரிதான். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாப்பொருளையும் சீனியையும் பெரும்பாலும் நொதிக்கவைத்து, கொழுப்பமிலங்களாக்கித்தான் கொடுக்கின்றன. குதிரைக்கு நொதிக்கும் இடம் கடைசியில், பெருங்குடலில் இருக்கிறது. அதற்கு முன்பே சிறுகுடலில் சீனி நேரே இரத்தத்துக்குப் போய்விடும். குடலும் தன் பங்குக்கு ஓமோன் அனுப்பி, இன்னும் இன்சுலினைச் சுரக்கச் சொல்லும்.

சரி, அந்த இன்சுலினுக்கும் காலுக்கும் என்ன தொடர்பு? இந்த நோயில் நான் வியந்து வியந்து படித்த பகுதி இதுதான்.

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரேயொரு விரலில்தான் நிற்கிறது. குளம்பு அந்த விரலின் நகம். விரலின் கடைசி எலும்பு குளம்பின் அடியில் போய் உட்கார்ந்திருப்பதில்லை, உட்சுவரில் தொங்குகிறது. எலும்பைச் சுற்றிய உட்தோலிலிருந்தும் குளம்புச் சுவரிலிருந்தும் மெல்லிய தகடுகள் வளர்ந்து, இரண்டு சீப்புகளைப் பல்லுக்குப் பல் செருகிய மாதிரி ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றன. ஒரு குளம்பில் இப்படி 550 முதல் 600 வரையான முதன்மைத் தகடுகள். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத 150 முதல் 200 துணைத் தகடுகள். எல்லாவற்றையும் விரித்தால் ஒரு குளம்புக்குள்ளேயே ஏறத்தாழ 0.8 சதுர மீற்றர் பரப்பு வரும். குதிரையின் முழுப் பாரமும் இந்தப் பிடியில்தான் நிற்கிறது.

2007இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் செய்த பரிசோதனை இந்தத் துறையையே திருப்பிப்போட்டது. நோயில்லாத மட்டக்குதிரைகளுக்கு இரத்தநாளம் வழியாக இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றினார்கள். சீனி இறங்கிவிடாமல் குளுக்கோசும் ஏற்றி, இரத்தச் சீனியைச் சாதாரண அளவிலேயே வைத்திருந்தார்கள். சீனி ஏறவில்லை, குடலில் நஞ்சில்லை. மாறியது இன்சுலின் மட்டும். 72 மணித்தியாலத்துக்குள், இன்சுலின் ஏற்றிய எல்லாக் குதிரைகளுக்கும் குளம்பு அழற்சி வந்துவிட்டது.

நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது துணைத் தகடுகள் நீண்டு மெலிந்திருந்தன. அவற்றின் கலங்கள் இழுபட்டுப் பிடியைத் தளரவிட்டிருந்தன. அந்தக் கலங்களில் இன்சுலினுக்கென்று உள்ள ஏற்பிகள், அதாவது ஓமோனின் கட்டளையை வாங்கும் இடங்கள், மிகக் குறைவு. ஆனால் இன்சுலினை ஒத்த வளர்ச்சிக்காரணி என்ற ஓமோனின் ஏற்பிகள் நிறைய உண்டு. இன்சுலின் அளவுக்கு மீறி நிறைந்தால் அந்த ஏற்பிகளையும் தூண்டிவிடுகிறது, அசையாமல் பிடித்திருக்க வேண்டிய கலத்துக்கு 'வளர், பிரி' என்ற கட்டளை போகிறது என்பதுதான் இன்று வலுவாக நிற்கும் விளக்கம். பிடி தளரத் தளர எலும்பு கீழே இறங்கும், சில வேளை திரும்பிப் பாதத்தை அழுத்தும். முன்னங்கால்களே அதிக பாரம் தாங்குவதால் குதிரை பாரத்தைப் பின்னுக்குப் போடுகிறது.

பார்வை பார்த்ததால் குதிரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்குப் போன ஒரு கிழமை அந்தத் தகடுகளுக்கு மிகப் பெரிய நட்டம். அதற்காக வாசகரைக் குறைசொல்லி என்ன பயன்? மிருகத்தின் இன்சுலினை அளந்து சொல்ல எங்கள் பகுதியில் ஓர் ஆய்வுகூடம் இருந்தால் யாரும் பார்வை பார்க்கப் போகமாட்டார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். அங்கே அந்த வசதிக்குப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

இனி செய்யவேண்டியது. தவிடு, பாண், கரும்பு, பிஸ்கட் எல்லாவற்றையும் இன்றே நிறுத்துங்கள். காய்ந்த புல்லை மட்டும் கொடுங்கள். அதையும் அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொடுத்தால் கரையக்கூடிய சீனியில் ஒரு பகுதி போய்விடும். பட்டினி மட்டும் போடவேண்டாம். கொழுத்த மட்டக்குதிரை பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு மளமளவென்று இரத்தத்துக்கு இறங்கி ஈரல் பழுதாகி, உயிருக்கே ஆபத்து வரும். நடக்கவைக்காதீர்கள், ஆழமான மணலில் நிற்க விடுங்கள். பிள்ளைகளின் சவாரி பிறகு பார்க்கலாம். வைத்தியர் ஸ்டீரொயிட் ஊசி போட நினைத்தால் இந்தச் சந்தேகத்தை முதலில் சொல்லுங்கள், அது இன்சுலின் கோளாறைக் கூட்டலாம்.

இன்னொன்றும் பாருங்கள். குளம்புச் சுவரில் குறுக்காக வளையங்கள் தெரிகின்றனவா? முன்பக்கம் நெருக்கமாகவும் குதிப்பக்கம் அகன்றும் இருந்தால், நீங்கள் கவனிக்காமலே முன்பும் இது வந்துபோயிருக்கிறது. சுவர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்கூட வளர்வதில்லை. ஆகவே கடந்த பல மாதங்களின் பதிவு அதில் இருக்கும். பகல் வெளிச்சத்தில் அதைப் படமெடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.